சன்னலோரம் ஒரு சிவப்புக் கீரைப் பாத்தி

உணவகங்களில் பொரித்த மீனின் மேலோ முட்டையின் மேலோ, சிவப்புத் தண்டும் சிறு இலையுமாக நாலைந்து தளிர்களைத் தூவித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பீட்ரூட் செடியின் குழந்தைப் பருவம். முளைத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மைக்ரோகிரீன்ஸ் என்று கடைகளில் விற்கப்படும் இந்த நுண்கீரையின் ஒரு சிறு பெட்டிக்கு, நான் போகும் பேரங்காடியில் ஐந்து, ஆறு வெள்ளி கேட்கிறார்கள். அதே அளவு கீரையை ஒரு தாப்பாவ் பெட்டியில், சமையலறை சன்னலோரத்தில், யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப நண்பகல் தாண்டிவிடும். நான் போய்ச் சேரும் நேரத்தில் ஈரச்சந்தையில் நல்ல கீரையெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும், மிச்சமிருப்பது வாடியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நுண்கீரை வளர்க்கத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். வெந்தயம், கடுகு, முள்ளங்கி என்று பலவற்றை வளர்த்துப் பார்த்தேன். அவற்றில் கொஞ்சம் பொறுமை கேட்பதும், அதற்கேற்ற பலனைத் தருவதும் பீட்ரூட்தான்.

முளைப்பயறு வேறு, நுண்கீரை வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. முளைகட்டிய பயற்றை ஈரத்திலும் இருட்டிலும் வைத்து வளர்த்து, விதை, வேர் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம். நுண்கீரை காற்றிலும் வெளிச்சத்திலும் வளர்வது. வேரையும் விதைத்தோலையும் விட்டுவிட்டு, தண்டையும் இலையையும் மட்டும் நறுக்கி எடுக்கிறோம்.

இந்த வேறுபாடு சுவையோடு நிற்பதில்லை, பாதுகாப்பையும் சார்ந்தது. கதகதப்பும் ஈரமும் சேர்ந்த இடம் விதைக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் பிடித்தமானது. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விசாரணையின் முடிவில் சந்தேகம் போய் நின்ற இடம், பச்சையாகச் சாப்பிடப்பட்ட முளைகட்டிய வெந்தயம். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். நுண்கீரையில் அந்த அபாயம் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குவது, சுத்தமான பெட்டியைப் பயன்படுத்துவது, நறுக்கிய கீரையைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது ஆகிய மூன்றும் அதனால்தான் முக்கியம்.

முதலில் இலை, பிறகுதான் கிழங்கு

பீட்ரூட் என்றதும் நமக்குக் கிழங்குதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் மூதாதைச் செடி ஐரோப்பியக் கடலோரங்களில் தானாக வளர்ந்த ஒரு கீரை. மக்கள் முதலில் சாப்பிட்டது அதன் இலையைத்தான். உருண்டு திரண்ட கிழங்கு பல நூற்றாண்டு சாகுபடிக்குப் பிறகு வந்தது. சர்க்கரை எடுக்கும் வெள்ளைப் பீட்ரூட்டும், பேரங்காடியில் சுவிஸ் சார்ட் என்று விற்கப்படும் அகன்ற இலைக் கீரையும் இதே இனம்தான்.

இன்னொரு உறவும் உண்டு. நம் தண்டுக்கீரை, முளைக்கீரை, ஈரச்சந்தையில் பாயம் என்று கேட்டு வாங்கும் கீரை எல்லாம் பீட்ரூட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிவப்புக் கீரை வெந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறமும் பீட்ரூட்டின் நிறமும் பீட்டாலைன் என்ற ஒரே வகை நிறமிகளால் வருபவை. திராட்சைக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவது வேறு வகை. பீட்ரூட் நுண்கீரை நம் நாக்குக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாததற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்வாசனை என்கிறோமே, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டுக்கும் அந்த மணத்தைத் தருகிறது. மழை விழுந்த மண்ணின் வாசம் பிடிக்கும், ஆனால் பீட்ரூட் வாசம் பிடிக்காது என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விதை வாங்கும்போது கவனம்

பீட்ரூட் விதை என்று நாம் வாங்குவது உண்மையில் ஒற்றை விதை அல்ல. காய்ந்து சுருங்கிய ஒரு சிறு காய்க் கொத்து அது. கரடுமுரடாக, மிளகைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். உள்ளே இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு விதைகள்கூட இருக்கும். ஒரு விதை போட்டால் மூன்று தளிர் வருவது இதனால்தான்.

தோட்டத்தில் நடுவதற்கென்று விற்கப்படும் பீட்ரூட் விதைகளில் சில, பூஞ்சைக்கொல்லி மருந்து பூசப்பட்டவை. அவை இளஞ்சிவப்பு, பச்சை போன்ற செயற்கையான நிறத்தில் பளிச்சென்று இருக்கும். கிழங்கு விளைய இரண்டு, மூன்று மாதமாகும் தோட்டத்துக்கு அது சரி. இரண்டே வாரத்தில் பச்சையாக வாயில் போடப்போகும் கீரைக்கு அது ஆகாது. மருந்து பூசாத விதை மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும். உறையில் ‘மருந்து பூசப்படாதது’ என்றோ, ‘மைக்ரோகிரீன்ஸுக்கு உகந்தது’ என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வகைகளும் பல. புல்ஸ் பிளட் என்ற வகையில் இலையே கருஞ்சிவப்பாக வரும். டெட்ராய்ட் டார்க் ரெட் வகையில் தண்டு சிவப்பு, இலை பச்சை. மஞ்சள் தண்டு தரும் வகையும் உண்டு. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு டெட்ராய்ட் போதும்.

பதினான்கு நாள்

ஒரே அளவிலான இரண்டு தாப்பாவ் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, மற்றதற்குள் வையுங்கள். மேல்பெட்டியில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நனைத்த தேங்காய் நார்த்துகளைப் பரப்புங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வடியும் ஈரம் போதும். உரம் தேவையில்லை. முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி விதைக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளங்கையை விடச் சற்று நீளமான பெட்டிக்கு ஆறு கிராம் விதை கணக்கு. முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். எட்டு மணி நேரம் போதும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை வரும். தண்ணீர் பழுப்பாக மாறும். முளைப்பதைத் தடுத்து நிறுத்திவைக்கும் சில பொருள்கள் அந்தத் தடித்த தோலில் இருக்கின்றன. அவை கரைந்து வெளியேறுகின்றன. எனவே அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விதையை நன்றாக அலசுங்கள். பீட்ரூட் முளைக்கவே இல்லை என்று குறைப்படுபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டியிருப்பார்கள்.

ஊறிய விதைகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. மேலே அரை சென்டிமீட்டருக்கு நார்த்துகளைத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு தட்டால் மூடி, அதன்மேல் சிறிய பருப்பு டப்பா போன்ற ஒரு பாரத்தை வையுங்கள். பாரத்தை எதிர்த்து முளைக்கும் தளிரின் வேர் நன்றாக மண்ணைப் பிடிக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும்போது விதைத்தோலும் கழன்றுவிடும். தோல் கழலாமல் இலை நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வாயில் மணல்போல் நெறுநெறுக்கும்.

நான்காம் அல்லது ஐந்தாம் நாள், மூடியைத் தூக்கிக்கொண்டு வெளிறிய இளஞ்சிவப்புத் தண்டுகள் நிற்கும். அப்போது மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரிரு நாளில் சிவப்பு அடர்ந்து, இலை விரியும். நேர் வெயில் தேவையில்லை. கண்ணாடி வழியே வரும் நல்ல வெளிச்சம் போதும். எதிர்ப் புளோக் மறைக்கும் இருண்ட வீடு என்றால், சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம்.

பன்னிரண்டு முதல் பதினான்கு நாளில், இரண்டு விதையிலைகளும் நன்றாக விரிந்து, நடுவில் முதல் இலை எட்டிப்பார்க்கும் நேரம்தான் அறுவடைக்கு ஏற்றது. சுத்தமான கத்தரிக்கோலால் மண்ணுக்கு ஒரு விரல் மேலே நறுக்குங்கள். என் பெட்டியில் ஒருமுறைக்கு 25 முதல் 35 கிராம் வரை கிடைக்கிறது. நறுக்கிய தண்டு மறுபடி துளிர்க்காது. வேரோடு பின்னிக் கிடக்கும் நார்த்துகளை உதிர்த்து, மற்ற பூச்செடிகளுக்கு எருவாகப் போட்டுவிடலாம்.

நம் ஊர் வெப்பமும் வீவக வீடும்

பீட்ரூட் குளிர்ப் பருவச் செடி. பகலில் 32 டிகிரி தொடும் சிங்கப்பூரில் கிழங்கு விளைவிப்பது கடினம். இரண்டு வார ஆயுளுள்ள நுண்கீரைக்கு அந்தக் கவலை குறைவு. ஆனாலும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் தளிர்கள் அடித்தண்டில் கறுத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பார்கள். விதையை நெருக்கிப் போடாமல் இருப்பதும், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைப்பதும் நல்ல தடுப்பு. படுக்கையறையில் இரவு குளிரூட்டி ஓடினால், முளைக்கும் நாள்களில் பெட்டியை அங்கே வைக்கலாம்.

மண்ணை ஒட்டி வெள்ளையாகப் பஞ்சுபோல் தெரிந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேரைச் சுற்றி ஒழுங்காக இருந்து, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. சிலந்திவலைபோல் விதைக்கு விதை படர்ந்து, கெட்ட வாடை வந்தால் அது பூஞ்சணம். அந்தப் பெட்டியைக் குப்பையில் போடுவதுதான் சரி.

தளிர் வந்தபிறகு மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். கீழ்ப்பெட்டியில் ஊற்றி, இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இதைச் செடிக்காக மட்டும் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் போதும். டெங்கிச் சோதனைக்கு வரும் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம், கீரைக்கு வைத்த தண்ணீர் என்று விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

சன்னலுக்கு வெளியே உள்ள விளிம்பிலோ தாழ்வாரச் சுவரின் மேலோ பெட்டியை வைப்பதையும் தவிருங்கள். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் நனைந்த நார்த்துகள் பெட்டியும் ஒரு கல்தான். சன்னலுக்கு உள்பக்கமே போதுமான வெளிச்சம் கிடைக்கும்.

நாற்பது மடங்கு என்ற எண்

வளர்ப்பு எளிது. அதைப் பற்றி உலவும் செய்திகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். ‘முதிர்ந்த கீரையைவிட நாற்பது மடங்கு சத்து’ என்ற வரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊடகம் படித்தவள் என்பதால், இப்படி ஓர் எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டு.

2012ல் அமெரிக்க வேளாண் துறையும் மேரிலந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. பல வகைகளில் வைட்டமின்கள் முதிர்ந்த இலையைவிட அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் அளவு வகைக்கு வகை வேறுபட்டது. வைட்டமின் சியில் சிவப்பு முட்டைக்கோஸ், கரோட்டினாய்டில் கொத்தமல்லி, வைட்டமின் கேயில் தண்டுக்கீரையின் சிவப்பு வகை, வைட்டமின் ஈயில் முள்ளங்கி முதலிடம் பிடித்தன. பீட்ரூட்டும் ஆராயப்பட்டது; எதிலும் முதலிடம் வரவில்லை. மேலும், ஒரு வேளைக்கு நாம் சாப்பிடும் நுண்கீரை இருபது கிராம். ஒரு கட்டுக் கீரையைக் கடைந்து சாப்பிடுவதற்கு அது ஈடாகாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் இதை வளர்க்கிறேன், ரசித்தும் சாப்பிடுகிறேன்.

அத்தையின் மாத்திரை

என் அத்தைக்கு 68 வயது. ஈசூனில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலி வந்தபிறகு கடைத்தெருவுக்குப் போவது குறைந்துவிட்டது. அவருக்கும் இரண்டு பெட்டியும் விதையும் வாங்கிக் கொடுத்தேன். என்னைவிட நேர்த்தியாக வளர்க்கத் தொடங்கினார். விதை முளைத்தால் படம் வரும், இலை விரிந்தால் படம் வரும்.

ஒருநாள் மாலை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, “பாப்பா, இந்தக் கீரைய சாப்பிட்டா பிரஷர் தானா இறங்கிடுமாம்ல? வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதான் ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன்,” என்றார்.

“எத்தனை நாளா, அத்தை?”

“மூணு வாரம் இருக்கும்மா. ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தான் இருக்கேன்.”

அன்றிரவே போய்க் கருவியில் அளந்து பார்த்தேன். மேல் எண் 172 காட்டியது. மறுநாள் காலை அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் திட்டவில்லை. கீரையை நிறுத்தவும் சொல்லவில்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பதையும், நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது என்பதையும் பொறுமையாக விளக்கினார்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் அத்தை நம்பியிருக்க மாட்டார். அதில் பாதி உண்மை இருந்தது. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட், வாயிலுள்ள நுண்ணுயிர்களாலும் பிறகு உடலாலும் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2015ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நான்கு வாரத்துக்கு நாள்தோறும் 250 மில்லிலிட்டர் பீட்ரூட் சாறு குடித்தபோது, மேல் எண் சராசரியாக ஏறத்தாழ 8 குறைந்தது. ஆனால் அது கிழங்கின் சாறு, ஒரு முழுக் குவளை, தினமும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைத் தொடர்ந்தபடியே சாற்றைக் குடித்தார்கள். தயிர்ப் பச்சடியின் மேல் தூவும் ஒரு கைப்பிடித் தளிருக்கு அந்த முடிவைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

வேறு சிலரும் கவனமாக இருக்க வேண்டும். பீட்ரூட் இலையில் ஆக்சலேட் அதிகம்; சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வைட்டமின் கே உள்ள எந்தக் கீரையையும் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது சிலருக்கு இயல்பு. அது நிறமியின் வேலை. சாப்பிடாத நாளிலும் அப்படிப் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

தட்டுக்கு வரும்போது

சமைக்காமல் சாப்பிடுவதே சிறப்பு. சூடு பட்டால் நிறமும் மொறுமொறுப்பும் போய்விடும். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி, எலுமிச்சைச் சாதம், சுண்டல், முட்டை தோசை ஆகியவற்றின் மேல் கடைசியாகத் தூவுங்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவப்பு மங்காமல் நிற்கும். ரசத்தில் போடுவதானால் பரிமாறும் கிண்ணத்தில் போடுங்கள், கொதிக்கும் பாத்திரத்தில் வேண்டாம். தேங்காய்த் துருவலும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசிறிய பீட்ரூட் நுண்கீரைதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும் ஒரே பச்சைக் கீரை.

கழுவிய கீரை சீக்கிரம் அழுகும். ஆகவே வேண்டியதை மட்டும் நறுக்கி, சாப்பிடுமுன் கழுவுங்கள். மிச்சத்தைக் கழுவாமல், காகிதத் துண்டு விரித்த டப்பாவில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும்.

ஒரு பெட்டி எதை மாற்றும்?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019ல் இலக்கு வைக்கப்பட்டது. கொவிட்-19 காலத்தில், 2020ல், தேசியப் பூங்காக் கழகம் லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதை அனுப்பியது; உங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்திருக்கலாம். உள்ளூர்ப் பண்ணைகளுக்குச் செலவு கூடிய நிலையில், 2025 நவம்பரில் அந்த 30 விழுக்காட்டு இலக்குக்குப் பதிலாக 2035க்கான புதிய இலக்குகள் அறிவிக்கப்பட்டன. பெரிய பண்ணைகளே திணறும் இடத்தில், என் சன்னலோரப் பெட்டி நாட்டின் உணவுப் பாதுகாப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் விதைக்கும் விதையே கப்பலில் வந்ததுதான்.

ஆனால் வீட்டளவில் அது தரும் பயனை எடைபோட முடிகிறது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை முப்பது கிராம் புதிய கீரை. குப்பைக்குப் போகவிருந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மறுவாழ்வு. கீரை எப்படி முளைக்கிறது என்று நேரில் பார்க்கும் பிள்ளைகள். தனியாக வசிக்கும் ஒரு மூத்தவருக்கு, காலையில் எழுந்ததும் கவனிக்க ஒரு வேலை.

அத்தை இன்னமும் வளர்க்கிறார். மருந்தகத்தில் கொடுத்த வாராந்திர மாத்திரைப் பெட்டியை இப்போது கீரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். காலையில் கீரைக்குத் தண்ணீர், அவருக்கு மாத்திரை. இரவில் அவருக்கு மட்டும் மாத்திரை. சென்ற மாதப் பரிசோதனையில் மேல் எண் 134.

நீங்கள் தொடங்குவதானால் ஒரே ஒரு பெட்டியோடு தொடங்குங்கள். அது நன்றாக வந்தால், ஐந்து நாள் கழித்து அடுத்த பெட்டியை விதையுங்கள். இப்படி மூன்று பெட்டி சுழற்சியில் ஓடினால், வாரத்துக்கு ஒருமுறையாவது சன்னலோரத்தில் நறுக்குவதற்குக் கீரை இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு ஊறவைத்தால் சனிக்கிழமை காலை விதைக்கலாம். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பச்சடி தயார்.